கோத்தகிரி இரண்டு, குன்னூர் ஒன்று: பிளேயரில் பாதிப் பாட்டுதான் புதுசாகிறது

லயத்துப்பிள்ளை (கோத்தகிரி), ஞாயிறு இரவு 9.10

எல்லாருக்கும் வணக்கம். நாலு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதினால்தான் புரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா டேன்டீயில் (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) வேலை பார்த்தவர். 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு சிலோனிலிருந்து வந்து இங்கே தோட்டத்தில் குடியேறிய சனங்களில் எங்கள் குடும்பமும் ஒன்று. 1980களில் அப்பா ஒரு டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு லயம் லயமாக (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) போய், அங்கிருந்த பாட்டிமார் பாடியதை எல்லாம் பதிந்து வைத்தார். தாலாட்டு, ஒப்பாரி, கொழுந்து பறிக்கும்போது பாடுகிறது, காமன்கூத்துப் பாட்டு எல்லாம் உண்டு. பாடியவர்களில் முக்கால்வாசிப் பேர் இப்போது இல்லை.

அந்தக் கேசட்டுகளைப் போன வருஷம் என் லேப்டாப்பில் (லினக்ஸ்) ஏற்றினேன். எந்த ஊரில் பதிந்ததோ அந்த ஊர்ப் பெயரில் ஒரு ஃபோல்டர். மொத்தம் ஒன்பது: கோத்தகிரி, குன்னூர், கொலக்கம்பை, நடுவட்டம், தேவாலா, பந்தலூர், கொளப்பள்ளி, சேரம்பாடி, சேரங்கோடு. பாட்டுகளை அடுக்கிக் காட்டும் லைப்ரரி மென்பொருளில் சேர்த்து, அங்கிருந்து ஒரு சின்ன பிளேயருக்கு சிங்க் செய்து (லைப்ரரியில் இருப்பதை அப்படியே ஏற்றி) அம்மாவிடம் கொடுத்தேன். லயத்தில் சிக்னல் சரியாக வராது. ஃபோனில் பாட்டுக் கேட்பதெல்லாம் அம்மாவுக்கு ஒத்துவராது. பட்டன் வைத்த பிளேயர் என்றால் தானே போட்டுக்கொள்வார்.

பொங்கலுக்கு எங்கள் அக்கா வந்தபோது 214 பாட்டையும் பென் டிரைவில் கொடுத்துவிட்டேன். கோயம்புத்தூரில் தன் பழைய மேக் கம்ப்யூட்டரில் வைத்து இரைச்சலை எல்லாம் எடுத்து, ஒரே ஜிப் ஃபைலாக அதே பென் டிரைவில் திருப்பி அனுப்பினாள். பழைய ஃபோல்டர்கள் மேலேயே அதைப் பிரித்துப்போட்டேன். ‘எல்லாவற்றையும் மாற்று’ என்று கொடுத்தேன். சிங்க் செய்தேன்.

இப்போது நடப்பது:

குன்னூர், நடுவட்டம், பந்தலூர் பாட்டுகள் பிளேயரில் பளிச்சென்று கேட்கின்றன. கோத்தகிரி, கொலக்கம்பைப் பாட்டுகள் பழைய இரைச்சலோடு அப்படியே இருக்கின்றன. லைப்ரரியில் 219 பாட்டு இருந்த இடத்தில் 336 காட்டுகிறது. பிளேயரில் ஃபோல்டர் வழியாகப் போனால் கோத்தகிரி இரண்டு தடவை வருகிறது. பிளேயரைச் சுத்தமாக அழித்து முதலிலிருந்து சிங்க் செய்தாலும் இதே கதை.

‘நம்ம ஊரு பாட்டுக்கு மட்டும் ஏன்டா இந்த மழைச் சத்தம்’ என்று அம்மா கேட்கிறார். என்ன சொல்வதென்று தெரியவில்லை.


மூடுபனி (மஞ்சூர்), ஞாயிறு இரவு 9.42

முதலில் கேபிளைப் பாருங்க நண்பா. சார்ஜுக்கு மட்டும் உள்ள கேபிள் என்றால் பிளேயர் தெரியவே தெரியாது. உங்களுக்குத் தெரிகிறது, ஆனாலும் பாதியில் விட்டுவிட்டுப் பிடிக்கிற கேபிள் பாதி வேலைதான் செய்யும். முடிந்தால் பிளேயரின் மெமரி கார்டைக் கழற்றி ரீடரில் போட்டு நேராக ஏற்றிப் பாருங்கள்.

அடுத்தது, பிளேயருக்குள் தனியாக ஒரு டேட்டாபேஸ் இருக்கும். பாட்டை மாற்றினாலும் அது பழைய பட்டியலையே வைத்துக்கொண்டிருக்கும். செட்டிங்கில் போய் டேட்டாபேஸைப் புதிதாகக் கட்டச் சொல்லுங்கள். எனக்கு நிறைய தடவை இதிலேயே சரியாகிவிட்டது.


கோடைக்காற்று (கொடைக்கானல்), ஞாயிறு இரவு 10.15

கார்டு எந்த வடிவத்தில் இருக்கிறது தோழர்? ஃபேட்32 என்றால் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். அதில் ஃபைல் மாற்றிய நேரத்தை 2 வினாடிக்கு ஒரு முறைதான் குறிக்க முடியும். ஒற்றைப்படை வினாடியெல்லாம் நகர்ந்துவிடும். நேரத்தை வைத்து ஒப்பிடுகிற சிங்க் மென்பொருள் எதை மாற்றுவது, எதை விடுவது என்று குழம்பும். ஆர்சிங்க் என்ற நகலெடுக்கும் கருவியைப் பயன்படுத்தினால் ஒரு வினாடி முன்னே பின்னே இருந்தால் பரவாயில்லை என்று சொல்லிவிடலாம், அதற்கென்றே ஒரு தெரிவு இருக்கிறது.

இன்னொன்று மின்சாரம். மன்னவனூர்ப் பக்கம் காற்று அடிக்க ஆரம்பித்தால் எங்களுக்குக் கரண்ட் எப்போது போகும் என்று சொல்ல முடியாது. ஒரு தடவை பாதி ஏற்றும்போது டெஸ்க்டாப் அணைந்துபோய், கார்டில் ஒரு ஃபோல்டர் முழுக்க ஒன்றுமில்லாத ஃபைலாகப் போய்விட்டது. கார்டை ஒரு முறை பிழை பார்த்துவிட்டு மறுபடி ஏற்றுங்கள். ஏற்றி முடித்ததும் ‘பாதுகாப்பாக வெளியேற்று’ கொடுக்காமல் பிடுங்காதீர்கள். எழுதியது எல்லாம் கார்டுக்குப் போய்ச் சேர்ந்திருக்காது.


லயத்துப்பிள்ளை, திங்கள் மாலை 6.30

இரண்டு பேருக்கும் நன்றி. சொன்னதை எல்லாம் செய்துவிட்டேன்.

கார்டு 64 ஜிபி, ஃபேட்32 இல்லை, எக்ஸ்ஃபேட். பிழை ஒன்றும் இல்லை. கடைத்தெருவில் புதுக் கார்டு ஒன்றும் வாங்கிப் போட்டுப் பார்த்தேன், ரீடரில் வைத்து ஏற்றினேன், டேட்டாபேஸைப் புதிதாகக் கட்டினேன். கோத்தகிரி இரண்டுதான். குன்னூர் ஒன்றுதான்.

புதிதாக ஒன்று கண்ணில் பட்டது. மேக் பெயரில் ஒரு ஃபோல்டர், அதற்குள் எல்லாப் பாட்டின் பெயரும் முன்னால் ஒரு புள்ளியும் ஒரு கோடும் போட்டு இருக்கிறது. ஒன்றும் பாடாது.


மூடுபனி, திங்கள் மாலை 6.48

அது வேறு விஷயம், பயப்பட வேண்டாம். மேக்கில் ஜிப் செய்தால் ஒவ்வொரு ஃபைலைப் பற்றிய கூடுதல் குறிப்புகளையும் சேர்த்துக் கட்டும். மேக்குக்கு அது தேவை, நமக்குத் தேவையில்லை. அந்த ஃபோல்டரை அப்படியே தூக்கிவிடலாம். பாட்டு அதற்குள் இல்லை. ஆனால் உங்கள் இரட்டைப் பிரச்சினைக்கு அது காரணமில்லை என்றுதான் நினைக்கிறேன்.


நாடாப்பெட்டி (ஊட்டி), திங்கள் இரவு 8.05

தம்பி, நான் முப்பது வருஷம் டேப் ரெக்கார்டரும் ஆம்ப்ளிஃபயரும் பழுது பார்த்தவன். கம்ப்யூட்டர் எனக்குக் கொஞ்சம்தான் தெரியும். ஆனால் பழுது பார்க்கிற முறை எதற்கும் ஒன்றுதான். ஸ்பீக்கரில் சத்தம் சரியில்லை என்றால் ஸ்பீக்கரையே நோண்டிக்கொண்டிருக்கக் கூடாது. ஒரு படி பின்னால் போய், ஆம்ப்ளிஃபயர் என்ன அனுப்புகிறது என்று பார்க்க வேண்டும். அதுவும் சரியென்றால் இன்னும் ஒரு படி பின்னால்.

நீங்கள் நாலு நாளாகப் பிளேயரையே பார்க்கிறீர்கள். லைப்ரரி மென்பொருளை மூடிவிட்டு, கம்ப்யூட்டரில் அந்த ஃபோல்டரை நேராகத் திறந்து பாருங்கள். அங்கே கோத்தகிரி எத்தனை இருக்கிறது?


லயத்துப்பிள்ளை, திங்கள் இரவு 8.50

ஐயா, கை நடுங்குகிறது. கம்ப்யூட்டரிலேயே இரண்டு இருக்கிறது!

ஒரே இடத்தில், அடுத்தடுத்து, கோத்தகிரி, கோத்தகிரி. எழுத்துக்கு எழுத்து ஒன்று. லைப்ரரி மென்பொருள் பாட்டுக்குள் எழுதியிருக்கிற ஆல்பம் பெயரை வைத்து எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிக் காட்டியதால் எனக்குத் தெரியவே இல்லை. அப்படியானால் சிங்க் இத்தனை நாளும் சரியாகத்தான் செய்திருக்கிறது. இருந்த இரண்டையும் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறது.

ஒன்றில் பழைய இரைச்சல் பாட்டு. இன்னொன்றில் அக்கா சுத்தம் செய்தது.

எல்லா ஃபோல்டரையும் திறந்து பார்த்துவிட்டேன். இரட்டையாக இருப்பவை: கோத்தகிரி, கொலக்கம்பை, கொளப்பள்ளி, சேரங்கோடு. ஒன்றாக இருப்பவை: குன்னூர், நடுவட்டம், தேவாலா, பந்தலூர், சேரம்பாடி. ஒன்றாக இருக்கிற ஃபோல்டருக்குள்ளும் சில பாட்டு மட்டும் இரண்டிரண்டாக இருக்கிறது. கொழுந்து என்று ஆரம்பிக்கிறவை, தோட்டம் என்று வருகிறவை, கோச்சிப் பாட்டு ஒன்று (ரயிலைப் பெரியவர்கள் கோச்சி என்பார்கள்), பொங்கல் பாட்டு இரண்டு. இப்படி 20.

ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு ஃபோல்டர் இருக்க லினக்ஸ் விடாதே? நான் ஒன்றை உருவாக்கப் பார்த்தேன், ‘ஏற்கெனவே இருக்கிறது’ என்று மறுத்துவிட்டது.


பச்சைக்கொழுந்து (கூடலூர்), திங்கள் இரவு 9.02

காரணம் எதுவாக இருந்தால் என்ன? பழைய இரைச்சல் ஃபோல்டர் எது என்று தெரிந்துவிட்டது அல்லவா? நாலையும் அழித்துவிட்டுத் திரும்ப சிங்க் செய்யுங்கள். அம்மா காத்திருக்கிறார்.


எழுத்துக்கூடம் (குன்னூர்), திங்கள் இரவு 9.11

தயவுசெய்து எதையும் அழிக்க வேண்டாம் தம்பி. இதைப் பார்த்தவுடன் கையை எடுத்துவிடுங்கள்.

நீங்கள் கொடுத்த எண்களைக் கூட்டிப் பார்த்தேன். அக்காவிடம் கொடுத்தது 214. ஆனால் லைப்ரரியில் முன்பு இருந்தது 219 என்கிறீர்கள். மீதி 5 பாட்டு எங்கே இருக்கிறது? இரண்டு கோத்தகிரியிலும் எத்தனை எத்தனை பாட்டு என்று எண்ணிச் சொல்லுங்கள். அதற்குள் நான் காரணத்தை எழுதுகிறேன். எனக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன்.


லயத்துப்பிள்ளை, திங்கள் இரவு 9.25

பழைய கோத்தகிரியில் 51. புதியதில் 46.

எழுத்துக்கூடம் அக்கா... அந்த ஐந்தும் மாசியில் நான் பதிந்தது. எங்கள் லயத்துப் பெரியம்மா பாடியது, ஃபோனில் பதிந்து பழைய கோத்தகிரியில்தான் போட்டேன். கோயம்புத்தூர் அக்காவிடம் அதன் பிரதி கிடையாது. ஃபோனிலும் இப்போது இல்லை. அழித்திருந்தால் போயிருக்கும்.


பச்சைக்கொழுந்து, திங்கள் இரவு 9.28

மன்னித்துக்கொள்ளுங்கள் நண்பா. அவசரப்பட்டு எழுதிவிட்டேன்.


எழுத்துக்கூடம், திங்கள் இரவு 10.20

நல்லவேளை. முதலில் மொத்த ஃபோல்டரையும் வேறு ஒரு வட்டில் நகல் எடுத்து வையுங்கள். பிறகு இதைப் படியுங்கள்.

இரட்டையானவற்றையும் ஆகாதவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வாய்விட்டுப் படித்தேன். கோத்தகிரி, கொலக்கம்பை, கொளப்பள்ளி, சேரங்கோடு. குன்னூர், நடுவட்டம், தேவாலா, பந்தலூர், சேரம்பாடி. சேரம்பாடிக்கு ஒன்றும் ஆகவில்லை, சேரங்கோட்டுக்கு ஆகியிருக்கிறது. முதல் இரண்டு எழுத்தும் ஒன்றுதான், பிறகு வருவதில் சேரங்கோட்டில் மட்டும் ‘கோ’ இருக்கிறது. கொழுந்து, தோட்டம், கோச்சி, பொங்கல் எல்லாவற்றிலும் ஒகரமோ ஓகாரமோ மெய்யோடு சேர்ந்து நிற்கிறது.

எங்கள் அப்பா அச்சகம் வைத்திருந்தார். ஈய எழுத்துக் காலம். ‘கொ’ என்ற எழுத்துக்கு ஒரே அச்சு கிடையாது. ஒற்றைக் கொம்பு ஓர் அச்சு, க ஓர் அச்சு, கால் ஓர் அச்சு, மூன்றையும் எடுத்துக் கோத்தால்தான் கொ. சின்ன வயதில் நானே கோத்திருக்கிறேன். காகிதத்தில் விழுந்த பிறகு அது ஒரே எழுத்து.

கம்ப்யூட்டரில் எல்லா மொழி எழுத்துக்கும் எண் கொடுக்கிற யூனிகோடில் இரண்டு வழியும் இருக்கிறது. ‘கொ’வை எழுத க, அதன் பிறகு ஒகரக் குறி என்று இரண்டு குறியீடாக வைக்கலாம். அல்லது க, கொம்பு, கால் என்று மூன்றாகப் பிரித்தும் வைக்கலாம். கோ, கௌ இரண்டும் இப்படித்தான். திரையில் ஒரே உருவம். இரண்டையும் ஒன்றாகவே கருத வேண்டும் என்பது யூனிகோடின் விதி. சேர்த்து வைக்கும் முறைக்கு என்எஃப்சி என்றும் பிரித்து வைக்கும் முறைக்கு என்எஃப்டி என்றும் பெயர்.

உங்கள் லேப்டாப்பில் நீங்கள் தட்டச்சு செய்தபோது கோ சேர்ந்த வடிவில் பதிந்தது. மேக்கில் 1998இலிருந்து இருந்த எச்எஃப்எஸ் பிளஸ் என்ற வட்டு அமைப்பு, ஃபைல் பெயர் எந்த வடிவில் வந்தாலும் பிரித்துத்தான் எழுதிக்கொள்ளும். எழுதுவதும் தேடுவதும் ஒரே முறையில் இருப்பதால் அதற்குள் எந்தக் குழப்பமும் வராது. 2017இல் வந்த ஏபிஎஃப்எஸ் அப்படிப் பிரிப்பதில்லை, கொடுத்த பெயரை அப்படியே வைத்துக்கொள்ளும். உங்கள் அக்காவுடையது பழைய மேக் என்கிறீர்கள், அதனால் பெயர்கள் பிரிந்த வடிவில் ஜிப்புக்குள் போயிருக்கின்றன. இங்கே நீங்கள் ஜிப்பைத் திறந்தபோதும் அப்படியே வந்து இறங்கின.

லினக்ஸ் ஃபைல் பெயரை எழுத்தாகப் படிப்பதில்லை. பைட்டுகளின் வரிசையாகத்தான் பார்க்கிறது. ஒரு பைட் வேறாக இருந்தால் வேறு பெயர். அதனால் குன்னூர் மேல் குன்னூர் வந்தபோது ‘ஏற்கெனவே இருக்கிறது, மாற்றட்டுமா’ என்று கேட்டது. கோத்தகிரி வந்தபோது கேட்கவில்லை, புது ஊர் என்று நினைத்துப் பக்கத்தில் இடம் கொடுத்துவிட்டது.

சோதிக்க ஒரு வழி: டெர்மினலில் (கட்டளை தட்டும் ஜன்னல்) இரண்டு ஃபோல்டர் பெயரின் பைட் கணக்கையும் எடுங்கள். யூனிகோடைப் பைட்டுகளாக எழுதுகிற யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட். சேர்ந்த கோத்தகிரி 9 குறியீடு, 27 பைட் வர வேண்டும். பிரிந்த கோத்தகிரி 10 குறியீடு, 30 பைட். குன்னூர் எப்படி எழுதினாலும் 24தான்.

இன்னொரு தடயம் உங்கள் பிளேயரிலேயே இருக்கும். சின்ன பிளேயர்கள் பலவற்றில் தமிழைச் சரியாகக் கோத்துக் காட்டுகிற வேலை நடக்காது, கொம்பு எழுத்துக்குப் பின்னால் விழுந்துவிடும். அதனால் கம்ப்யூட்டரில் ஒன்றாகத் தெரிகிற இரண்டு பெயரும் அங்கே வேறு வேறாகத் தெரியலாம். பார்த்துச் சொல்லுங்கள்.


லயத்துப்பிள்ளை, திங்கள் இரவு 10.55

27, 30. குன்னூர் 24.

பிளேயரிலும் பார்த்தேன். ஒரு கோத்தகிரியில் கொம்பும் காலும் க-வுக்குப் பின்னால் தனித்தனியாக நிற்கிறது. இன்னொன்றில் வேறு மாதிரி ஒட்டிக்கொண்டு இருக்கிறது. முதல் நாளிலிருந்தே என் கண் முன்னால்தான் இருந்திருக்கிறது. எழுத்துரு சரியில்லை என்று நினைத்து விட்டுவிட்டேன்.

அப்படியானால் என் கணக்கும் சரியாகிறது. இரட்டையான நாலு ஃபோல்டரிலும் அக்கா அனுப்பியது 46, 21, 12, 18. ஆக 97. மற்றதில் 20. மொத்தம் 117. 219உடன் 117 சேர்த்தால் 336!


பச்சைக்கொழுந்து, செவ்வாய் காலை 7.20

ஒரு சந்தேகம் கேட்கலாமா அக்கா? ஒப்பாரிப் பாட்டும் நிறைய இருக்கிறது என்றார். அதிலும் ‘ஒ’ இருக்கிறதே. அது ஏன் இரட்டையாகவில்லை? நேற்று தவறாகச் சொன்னதால் இன்று புரிந்துகொண்டு பேச நினைக்கிறேன்.


எழுத்துக்கூடம், செவ்வாய் காலை 8.05

நல்ல கேள்வி தம்பி. ஒப்பாரியில் இருப்பது உயிரெழுத்து. தனியாக நிற்கும் ஒ, ஓ இரண்டுக்கும் ஆளுக்கு ஒரு குறியீடுதான், பிரிக்க ஒன்றும் இல்லை. மெய்யோடு சேரும்போதுதான் கொம்பும் காலுமாகப் பிரிகிறது. தேவாலாவும் இதனால்தான் தப்பித்தது. தே-யில் கொம்பு மட்டும்தான், கால் இல்லை. உயிரெழுத்துகளில் ஔ ஒன்று மட்டும் பிரியும். ஔவை என்று ஃபோல்டர் வைத்திருந்தால் அதுவும் இரண்டாகியிருக்கும்.

இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பாட்டு சேர்ப்பவர்கள் எல்லாரும் ஒருநாள் இதில் மாட்டுவார்கள். ஔவை என்பதை ஒ, ள என்று இரண்டு எழுத்தாக அடிப்பவர்கள் நிறைய. என்எஃப்சி வடிவுக்கு மாற்றினாலும் அது ஔவையோடு ஒன்றாகாது, ஏனென்றால் விதிப்படி அவை வேறு வேறு சொற்கள். ஸ்ரீயும் அப்படி. 2005இல் ஶ என்ற எழுத்து யூனிகோடில் சேர்ந்த பிறகு ஸ்ரீயை இரண்டு விதமாக எழுத முடிகிறது, பார்க்க ஒன்றாகவே இருக்கும். பக்திப் பாட்டு வைத்திருப்பவர்கள் ஒரே மாதிரி அடித்துப் பழகுங்கள்.


கோடைக்காற்று, செவ்வாய் காலை 8.40

3 பைட் என்று படித்ததும் எனக்கு ஒன்று விளங்கியது. தாண்டிக்குடியில் ஒரு பெரியவர் பாடியதைப் பதிந்து, பாடியவர், ஊர், நாள், முதல் அடி எல்லாவற்றையும் ஃபைல் பெயரிலேயே எழுதுவேன். சிலது லினக்ஸில் ‘பெயர் நீளம்’ என்று மறுக்கும். இங்கிலீஷில் அதைவிட நீளமான பெயர் ஏற்கும். ஏன் என்று தெரியாமலே சுருக்கிக்கொண்டிருந்தேன். 255 பைட்தான் எல்லை, தமிழில் 85 குறியீடு. புள்ளி, கொம்பு எல்லாம் தனிக் குறியீடு என்பதால் கண்ணுக்கு அதைவிடக் குறைவான எழுத்திலேயே முடிந்துவிடும். இனிமேல் நீளமான விவரத்தைப் பாட்டுக்குள் குறிப்பாக எழுதிவிட்டு, ஃபைல் பெயரைச் சின்னதாக வைக்கிறேன்.


லயத்துப்பிள்ளை, செவ்வாய் மதியம் 1.15

நகல் எடுத்துவிட்டேன் அக்கா, இரண்டு இடத்தில். இனி எப்படிச் சரிசெய்வது? 117 பெயரையும் கையால் அடித்து மாற்ற வேண்டுமா?


எழுத்துக்கூடம், செவ்வாய் மாலை 5.30

கையால் வேண்டாம், கையால் செய்தால் எதை விட்டோம் என்று தெரியாது.

முதலில் பாட்டு வைத்திருக்கும் பெரிய ஃபோல்டருக்கு வெளியே ‘மூலம்’ என்று ஒரு ஃபோல்டர் போடுங்கள். சேர்ந்த வடிவில் இருக்கும் நாலு பழைய ஃபோல்டரையும் அதற்கு நகர்த்துங்கள். அழிக்காமல் நகர்த்துங்கள். மற்ற ஃபோல்டரில் இரட்டையான 20இல் பழையவற்றையும் அங்கேயே அனுப்புங்கள். எது பழையது என்று பெயரை வைத்துப் பார்க்காதீர்கள், பைட் கணக்கை வைத்துப் பாருங்கள், பிறகு இரண்டையும் ஒரு முறை போட்டுக் கேட்டு உறுதி செய்யுங்கள். காது பொய் சொல்லாது.

அடுத்து கான்வ்எம்வி என்ற சின்னக் கருவியை நிறுவுங்கள். ஃபைல் பெயரின் குறியாக்கத்தை மட்டும் மாற்றும், உள்ளே இருக்கும் பாட்டைத் தொடாது. யுடிஎஃப்-8இலிருந்து யுடிஎஃப்-8க்கு, என்எஃப்சி வடிவில், உள் ஃபோல்டர்களையும் சேர்த்து என்று கொடுங்கள். முதலில் ஓட்டும்போது அது எதையும் மாற்றாது, என்ன மாற்றப்போகிறேன் என்று பட்டியல் மட்டும் போடும். அதை வரிவரியாகப் படியுங்கள். கோ, கொ, தோ, பொ இல்லாத பெயர் ஏதாவது பட்டியலில் வந்தால் நிறுத்திவிட்டு இங்கே எழுதுங்கள். எல்லாம் சரியென்றால் ‘சோதனை வேண்டாம்’ என்ற தெரிவைச் சேர்த்து மறுபடி ஓட்டுங்கள். பழையவற்றை முதலில் நகர்த்தச் சொன்னது இதற்காகத்தான். அதே பெயர் ஏற்கெனவே அங்கே இருந்தால் கருவி முட்டிக்கொண்டு நிற்கும்.

அதன் பிறகு பெரியம்மா பாடிய ஐந்தையும் மூலத்திலிருந்து புதிய கோத்தகிரிக்கு நகலெடுங்கள். லைப்ரரியை மறுபடி வாசிக்கச் சொல்லுங்கள். 219 வர வேண்டும். வந்தால்தான் பிளேயரைத் தொட வேண்டும். கார்டில் இருக்கும் பாட்டுகளையும் அந்த மேக் ஃபோல்டரையும் நீக்கிவிட்டு, ஏற்றி, டேட்டாபேஸைக் கட்டுங்கள்.

அம்மாவுக்குப் பாட்டு வரிசை ஏதும் போட்டு வைத்திருக்கிறீர்களா? இருந்தால் அதைத் தொட வேண்டாம். வரிசை ஃபைலுக்குள் இருப்பது ஒவ்வொரு பாட்டும் இருக்கிற பாதைதான். நீங்கள் முன்பே எழுதியது என்பதால் அது சேர்ந்த வடிவில் இருக்கும். இத்தனை நாள் அது இரைச்சல் பாட்டையே தேடிப் போனதும் அதனால்தான். இப்போது அதே பெயருக்குப் புதிய பாட்டு வந்து உட்கார்ந்துவிடும், வரிசை தானாக அதைப் பிடித்துக்கொள்ளும். ஒரே ஒரு நிபந்தனை, பாதை உங்கள் லேப்டாப்பின் முழு முகவரியாக இல்லாமல், வரிசை இருக்கும் இடத்திலிருந்து எழுதியதாக இருக்க வேண்டும். வரிசையை எம்3யு8 என்ற ஃபைல் வகையாகச் சேமித்திருந்தால் தமிழ் யுடிஎஃப்-8இல் இருக்கும், குழப்பம் வராது.

அடுத்த முறை உங்கள் அக்கா அனுப்பும்போது நேராகப் பழையதன்மேல் பிரிக்காதீர்கள். வேறு இடத்தில் பிரித்து, கான்வ்எம்வி ஓட்டிவிட்டு, பிறகு கொண்டுவந்து சேருங்கள்.


நாடாப்பெட்டி, செவ்வாய் இரவு 7.45

அம்மா எழுத்துக்கூடம், ஈய எழுத்தை வைத்து நீங்கள் சொன்ன பிறகுதான் எனக்கே புரிந்தது. நன்றி.

தம்பிக்கு ஒரு வார்த்தை. மூலம் என்று ஒதுக்கியதை எல்லாம் சரியான பிறகும் அழித்துவிடாதீர்கள். இரைச்சலை எடுக்கிற மென்பொருள் எதை இரைச்சல் என்று நினைக்கிறதோ அதை எல்லாம் எடுக்கும். நாடாவின் சீறலும் வெளியே பெய்கிற மழையும் அதற்கு ஒன்றுதான். பாடுகிறவர் மூச்சு இழுப்பதும் சில நேரம் கூடப் போய்விடும்.

கேசட்டுகளையும் வைத்திருங்கள். நம் மலை ஈரத்துக்கு நாடாவில் வெள்ளையாகப் பூஞ்சை பிடிக்கும். அப்படி இருப்பதை டெக்கில் போட்டால் ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் பரவும், நாடாவும் அறுந்துபோகலாம். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பை போட்டு, நிற்க வைத்த வாக்கில் வையுங்கள். ஸ்பீக்கர் பெட்டிக்கு மேல் வைக்க வேண்டாம், காந்தம் இருக்கிறது.


லயத்துப்பிள்ளை, வியாழன் இரவு 9.30

முடிந்தது. இரண்டு நாள் எழுதாததற்கு மன்னிக்கவும், நேற்று இங்கே நாள் முழுக்கக் கரண்ட் இல்லை.

கான்வ்எம்வி சோதனை ஓட்டத்தில் வந்த வரிகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். நாலு ஃபோல்டர், அவற்றுக்குள் ஒகரம் ஓகாரம் உள்ள பாட்டுகள், மற்ற ஃபோல்டரில் அந்த 20. வேறு ஒரு பெயர்கூட வரவில்லை. பிறகு நிஜமாக ஓட்டினேன். கோத்தகிரி 27 பைட். சேரங்கோடும் 27. பெரியம்மாவின் ஐந்தையும் சேர்த்த பிறகு கோத்தகிரியில் 51, லைப்ரரியில் 219. கார்டை அழித்து ஏற்றினேன், பிளேயரிலும் 219. ஊர் ஒன்பது, ஒவ்வொன்றும் ஒரு தடவை. அம்மாவின் வரிசையை எழுத்துக்கூடம் அக்கா சொன்னபடியே தொடவில்லை, அது புதிய பாட்டையே பாடுகிறது.

இன்று சாயங்காலம் லயத்துக்குப் போய் அம்மாவிடம் கொடுத்தேன். பெரியம்மாவும் வந்து உட்கார்ந்துகொண்டார். கொழுந்துப் பாட்டு மூன்றாவதைப் போட்டோம். 1986இல் எங்கள் வாசலில் வைத்து அப்பா பதிந்தது. குரல் அவ்வளவு தெளிவு, பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரி. பெரியம்மா கூடவே முணுமுணுத்தார்.

முடிந்ததும் அம்மா இன்னொரு தடவை போடச் சொன்னார். கேட்டுவிட்டு, ‘அன்னைக்கு நல்ல மழை. உங்கப்பா டேப்பை நனையாம துண்டால மூடிக்கிட்டு நின்னார். அந்த மழையைக் காணோமே’ என்றார்.

நாடாப்பெட்டி ஐயா, மூலத்திலிருந்து அந்த ஒரு பாட்டை எடுத்து ‘கொழுந்து மூன்று மழையோடு’ என்று பெயர் வைத்து ஏற்றிவிட்டேன். இப்போது பிளேயரில் 220.